மனுவும் உருளைக்கிழங்கும்: மாவோரி மக்களின் போராட்டத்தில் ஒரு தமிழ்க் குடியேறி கற்றவை

2024 நவம்பர் 14 அன்று நியூசிலாந்து நாடாளுமன்றத்தில் ஹனா-ராஃபிட்டி மைப்பி-கிளார்க் என்ற, அந்நாட்டின் பூர்வகுடியான மாவோரி இனத்தைச் சேர்ந்த 22 வயது உறுப்பினர் ஒரு மசோதாவின் நகலை இரண்டாகக் கிழித்துவிட்டு எழுந்து, மாவோரிகளின் மரபு நடனமான ஹக்கா ஆடினார். அந்தக் காணொளி உலகையே சுற்றி வந்தது. ஊரிலிருந்து சித்தப்பா, கல்லூரித் தோழி, பல காலமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பழைய அண்டை வீட்டுக்காரர் என ஆளாளுக்கு எனக்கு அதை அனுப்பி, "அங்கே என்ன கலவரம்?" என்று விசாரித்தார்கள். கலவரம் எதுவும் இல்லை. அவர்கள் பார்த்தது ஓரிரு நிமிடம். நான் வசிக்கும் வெலிங்டன் வட்டாரத்தில் அந்த மாதம் முழுவதும் நடந்தது வேறு: பட்டியல் போடுவது, படுக்கை விரிப்பது, சாமான் சுமப்பது, மனு எழுதுவது, பிறர் எழுதிய மனுவைத் திருத்திக் கொடுப்பது. காலனி ஆட்சிக்கு எதிரான எதிர்ப்பு என்றால் ஈட்டியும் முழக்கமும் நினைவுக்கு வரும் நமக்கு, அதன் பெரும்பகுதி காகிதமும் சமையலறையும்தான் என்பது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருக்கலாம். எனக்கு அது நிம்மதியாக இருந்தது. ஈட்டி பிடிக்க எனக்குத் தெரியாது. காகித வேலை தெரியும்.

மசோதாவின் சங்கதியை முதலில் சொல்லிவிடுகிறேன். 1840 பிப்ரவரி 6 அன்று பிரிட்டிஷ் அரசுக்கும் மாவோரித் தலைவர்களுக்கும் இடையே வைத்தாங்கி உடன்படிக்கை கையெழுத்தானது. இங்கே பிரிட்டிஷ் ஆட்சி ஏற்பட்டதும் பிறகு இந்த அரசு உருவானதும் அந்தத் தாளின் பேரில்தான். அந்த உடன்படிக்கையின் 'கோட்பாடுகள்' எவை என்பதை நாடாளுமன்றமே சட்டம் போட்டு வரையறுத்து, பிறகு அதைப் பொதுவாக்கெடுப்புக்கு விடலாம் என்றது மசோதா. கூட்டணி அரசின் சிறிய கட்சிகளில் ஒன்றான ஆக்ட் கட்சி கொண்டுவந்தது. இருவர் சேர்ந்து போட்ட ஒப்பந்தத்துக்கு ஒருவர் மட்டும் உட்கார்ந்து புது அர்த்தம் எழுதுகிறார் என்பதே மாவோரி மக்களின் ஆட்சேபம். வீட்டு வாடகை ஒப்பந்தத்தில்கூட நாம் ஒப்புக்கொள்ளாத விஷயம் இது.

இதில் இறங்க நினைக்கும் நம்மவர்களுக்கு நான் முதலில் சொல்வது, செய்தியைப் படிப்பதை நிறுத்திவிட்டு மூலத்தைப் போய்ப் பாருங்கள் என்பதுதான். வெலிங்டனில் நாடாளுமன்றத்துக்கு எதிரே மோல்ஸ்வொர்த் தெருவில் தேசிய நூலகம் இருக்கிறது. அங்கே மங்கலான வெளிச்சத்தில், மரத்தால் வளைத்துக் கட்டிய ஓர் அறைக்குள் உடன்படிக்கையின் ஒன்பது தாள்களையும் வைத்திருக்கிறார்கள். கட்டணம் கிடையாது. வைத்தாங்கியில் கையெழுத்தான தாளின் ஓரங்கள் கடலோர வரைபடம்போல அரிக்கப்பட்டிருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரசுக் கட்டடத்தின் அடித்தளத்தில் போட்டுவைத்திருந்தபோது எலியும் தண்ணீரும் தின்ற மிச்சம் அது. 1908இல்தான் அதை மீட்டெடுத்தார்கள். ஒரு நாட்டின் ஆதார ஆவணத்தை எலிக்குக் கொடுத்திருந்தது ஒன்றே, அதை எழுதிவாங்கியவர்கள் எவ்வளவு மதித்தார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறது. எலி விட்டுவைத்த இடத்தில், பெயர்களுக்குப் பக்கத்தில், சில தலைவர்கள் தங்கள் முகத்தில் பச்சை குத்தியிருந்த கோலத்தின் ஒரு பகுதியையே கையெழுத்தாக வரைந்திருக்கிறார்கள். சுழிகள், வளைவுகள். அவற்றைப் பார்த்தபின் "கல்வி அறிவில்லாதவர்கள் ஏமாந்து கையெழுத்துப் போட்டார்கள்" என்ற பேச்சு எனக்கு எடுபடவில்லை. அவர்கள் தெரிந்துதான் போட்டார்கள். போட்டது எந்த வாசகத்தில் என்பதுதான் கேள்வி. ஐந்நூறுக்கு மேற்பட்ட தலைவர்களில் 39 பேர் மட்டுமே ஆங்கிலத் தாளில் கையெழுத்திட்டார்கள். மற்றவர்கள் மாவோரித் தாளில். ஆங்கிலத் தாள் இறையாண்மை முழுவதும் அரசியாருக்குப் போய்விட்டது என்கிறது. மாவோரித் தாள் நிர்வாகம் செய்யும் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டு, தங்கள் நிலம், ஊர், உடைமை எல்லாவற்றின் மீதும் தலைவர்களின் முழு அதிகாரம் தொடரும் என்கிறது. அந்தப் பிப்ரவரியில் வடக்கே கையெழுத்திட்ட தலைவர்கள் இறையாண்மையை விட்டுக்கொடுக்கவில்லை என்று, உடன்படிக்கை மீறல்களை விசாரிக்க அரசே அமைத்த வைத்தாங்கி தீர்ப்பாயமே 2014இல் சொல்லிவிட்டது.

இங்கே தமிழர்களுக்கென்று ஒரு கிளைக்கதை. 1830களில் வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி அச்சாளர் வடக்கே மாவோரி மக்கள் உருளைக்கிழங்கு வேகவைக்கப் பயன்படுத்திய ஒரு வெண்கலப் பாத்திரத்தைப் பார்த்தார். அது பாத்திரம் இல்லை, கப்பல் மணியின் உடைந்த மேல்பகுதி; அதில் தமிழ் எழுத்து இருந்தது. முகைதீன் பக்ஸ் என்பவரின் கப்பல் மணி என்று படித்திருக்கிறார்கள். இன்று அது வெலிங்டனின் தே பாப்பா அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஆண்டுக்கு ஒருமுறையாவது இந்த மணி ஒலித்துவிடும்: "மாவோரிகளுக்கு முன்பே தமிழன் நியூசிலாந்தில்!" தயவுசெய்து இதை எந்த மாவோரி நண்பரிடமும் பெருமையாகச் சொல்லாதீர்கள். "மாவோரிகளுக்கு முன்பே வேறு யாரோ இருந்தார்கள், ஆகவே இவர்களும் வந்தேறிகள்தான்" என்ற கட்டுக்கதை, நிலம் பிடுங்கியவர்கள் மனச்சாட்சியைத் தூங்கவைக்கப் பயன்படுத்திய தாலாட்டு. நம் பெருமைக்காக அதை நாமும் பாட வேண்டாம். அந்தக் கொலென்சோவைப் பற்றிச் சொல்ல இதைவிட உருப்படியான செய்தி உண்டு: உடன்படிக்கையின் மாவோரி வாசகத்தை அச்சடித்தவர் அவர்தான். கையெழுத்து நாளன்று, இதில் என்ன எழுதியிருக்கிறது என்பது தலைவர்களுக்கு முழுதாகப் புரிந்திருக்கிறதா என்று பிரிட்டிஷ் துணைநிலை ஆளுநர் ஹாப்சனிடம் எழுந்து கேட்டவரும் அவரே. கேட்டதோடு சரி, கையெழுத்து நடந்துவிட்டது.

அதற்குப் பிறகு நிலம் போன கதையில் துப்பாக்கிக்கு ஒரு பங்கு உண்டு. 1863இல் வைக்காட்டோ பகுதிமீது படையெடுத்து, அதே ஆண்டு ஒரு சட்டமும் போட்டு, சுமார் 12 லட்சம் ஏக்கரை 'கலகக்காரர்களிடமிருந்து' பறிமுதல் செய்தார்கள். ஆனால் பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று என்று அலைந்து பழகிய குடும்பத்தில் பிறந்த எனக்கு அதைவிட உறைத்தது 1865இல் விரிவாக்கப்பட்ட பூர்வீக நில நீதிமன்றம். மாவோரி நிலம் குலத்தின் பொதுச்சொத்து. நீதிமன்றம் அதற்குப் பட்டா போட்டபோது பத்துப் பேருக்கு மேல் பெயர் சேர்க்கவில்லை. குலத்தில் மற்ற நூற்றுக்கணக்கானோர் ஒரே நாளில் சட்டப்படி நிலமற்றவர்கள் ஆனார்கள். பெயர் இருந்த பத்துப் பேர் தனித்தனியாக விற்கலாம். விசாரணை வெள்ளையர் நகரத்தில் நடக்கும். வாரக்கணக்கில் அங்கே தங்க வேண்டும், சாப்பாட்டுக்குக் கடன், அளவைக்குக் கடன். வழக்கில் வென்றவரும் கடனை அடைக்க நிலத்தை விற்றுவிட்டுத்தான் ஊர் திரும்பினார். வழக்குக்கு வராமல் இருந்தாலோ, வந்தவர் பெயரில் நிலம் போய்விடும். ஒரு குண்டு செலவில்லை. இன்று நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ 5 சதவீதம்தான் மாவோரி உரிமை நிலமாக எஞ்சியிருக்கிறது.

இதற்கு அவர்கள் காட்டிய எதிர்ப்பில் என்னை மிகவும் பாதித்தது பரிஹாக்கா. தரநாக்கி மலையின் அடிவாரத்தில் இருக்கும் சிற்றூர். பறிமுதல் செய்த நிலத்தை அரசு அளந்து விற்க வந்தபோது, 1879இல் தே ஃபிட்டி, தோஹு என்ற இரு தலைவர்கள் ஆட்களை அனுப்பினார்கள், ஏர் கலப்பையோடு. வெள்ளையர் குடியேறிய நிலத்தை உழுதுவிட்டார்கள். கைது செய்தால் அடுத்த அணி வந்து உழும். எதிர்த்து ஒரு அடி கிடையாது. கலப்பையை முதலில் பிடித்தவர்கள் ஊரில் பெரிய மனிதர்கள் என்பதைக் கவனியுங்கள். இளைஞர்களை முன்னே தள்ளிவிட்டுப் பெரியவர்கள் அறிக்கை விடும் அரசியலையே பார்த்து வளர்ந்த எனக்கு இந்த வரிசை வியப்பாக இருந்தது. பிறகு, பயிருக்கு நடுவே அரசு சாலை போட வேலியைப் பிரித்தபோது, பிரிக்கப் பிரிக்கத் திரும்பக் கட்டினார்கள். நூற்றுக்கணக்கானோர் சிறைக்குப் போனார்கள். பலரைத் தென் தீவில் டனீடின் நகரம் வரை கொண்டுபோய்க் கடும் வேலை வாங்கினார்கள். 1881 நவம்பர் 5 அன்று சுமார் 1600 பேர் கொண்ட படை ஊருக்குள் நுழைந்தபோது, முன்னால் நின்றவர்கள் சிறுவர்கள். பாடினார்கள். படைக்கென்று ரொட்டி சுட்டு வைத்திருந்தார்கள். பெரியவர்கள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர்கள் இருவரையும் விசாரணை இல்லாமல் ஓராண்டுக்கு மேல் அடைத்துவைத்து, அதற்கு வசதியாகப் பின்னர் தனிச் சட்டமே இயற்றினார்கள். வீடுகளை இடித்தார்கள், பயிரை அழித்தார்கள். 2017 ஜூனில்தான் அரசு அந்த ஊருக்குப் போய் மன்னிப்புக் கேட்டது. இதைச் சொன்னால் நம்மவர்கள் உடனே "அட, காந்தி வழி" என்கிறார்கள். கலப்பைகள் இறங்கியபோது காந்திக்கு வயது ஒன்பது.

மனுக்களின் வரலாறு தனி. மாவோரி மன்னர் தாஃபியாவோ 1884இல் லண்டன் வரை போய் விக்டோரியா அரசியாரைப் பார்க்கக் காத்திருந்தார். பார்க்க விடவில்லை. மனுவை நியூசிலாந்து அரசுக்கே அனுப்பிவைத்தார்கள். யார்மேல் புகாரோ அவர் மேசைக்கே புகார் போய்ச் சேரும் வித்தை நம் தாலுகா அலுவலகங்களில் பிறந்தது என்று நினைத்திருந்தேன். அது சாம்ராஜ்யம் முழுவதற்கும் பொதுவானது. ஆனால் அவர்கள் மனு எழுதுவதை நிறுத்தவில்லை. வைக்காட்டோ மக்களுக்கு 1995இல் 17 கோடி நியூசிலாந்து டாலர் மதிப்பிலான தீர்வு கிடைத்தது. இரண்டாம் எலிசபெத் அரசியார் நேரில் வந்து, மன்னிப்பும் அடங்கிய அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார். படையெடுப்பிலிருந்து கணக்கிட்டால் 132 ஆண்டுகள். இடையில் 1975இல் 79 வயது ஃபினா கூப்பர் தலைமையில் வடகோடியிலிருந்து வெலிங்டன் வரை சுமார் ஆயிரம் கிலோமீட்டர் நடந்து 60,000 கையெழுத்துகளைக் கொடுத்தார்கள். ஆக்லாந்தின் பாஸ்டியன் பாயிண்ட்டில் 506 நாள் நிலத்தில் குடியிருந்து, 1978 மே 25 அன்று 222 பேர் கைதானார்கள். பத்தாண்டுக்குப் பிறகு அந்த நிலம் திரும்பியது. நம் பிள்ளைகளுக்கு வார இறுதியில் தமிழ்ப் பள்ளி நடத்துகிறோமே, அதை இந்த நாட்டில் யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை என்றால், அதற்கு 1972இல் மாவோரி மொழிக்காக முப்பதாயிரம் பேர் கையெழுத்திட்ட மனுவும், 1982இல் எங்கள் வீட்டிலிருந்து ஒரு குன்று தாண்டி வைனுயோமாட்டாவில் திறந்த முதல் மாவோரி மழலையர் கூடமும் போட்ட பாதை ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

இனி என் அனுபவம்.

2024 நவம்பர் 11 அன்று மசோதாவை எதிர்த்து நடைபயணம் வடகோடியான தே ரெரெங்கா வைருவாவிலிருந்து கிளம்பியது. ஹீக்கோய் என்பார்கள். 19ஆம் தேதி நாடாளுமன்றம். வழியெல்லாம் மராய்கள், அதாவது குலத்தின் பொதுமன்றங்கள், வருபவர்களுக்குச் சோறும் இடமும் கொடுக்க வேண்டும். என் அலுவலகத்தில் கூட வேலை செய்யும் மாவோரித் தோழி, "வர விருப்பமா?" என்று கேட்டபோது, பதாகை பிடிக்கத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு சரி என்றேன். ஹட் பள்ளத்தாக்கில் இருக்கும் அவள் மராயின் சமையலறைக்குக் கூட்டிப்போனாள். அங்கே எழுபதைத் தாண்டிய ஓர் அம்மா. எல்லோரும் அவரை ஆன்ட்டி என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கிழங்கு உரிப்பீர்களா?" என்று கேட்டார். ஒரு மூட்டை உருளைக்கிழங்கும் ஒரு சின்னக் கத்தியும் கொடுத்தார். நான் சமைத்துப் பழகிய வேகத்தில் நாலைந்தை உரித்ததும், அருகில் வந்து என் தோல்களில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "இவ்வளவு சதையைத் தொட்டியில் போட்டால் நாளைக்கு வருபவர்கள் தோலைத்தான் தின்ன வேண்டும், கண்ணு," என்றார். அவர் சொன்ன ஆங்கிலச் சொல்லுக்குக் 'கண்ணு' என்பதைத் தவிர வேறு தமிழ் எனக்குத் தோன்றவில்லை.

கிழங்கு உரித்துக்கொண்டே கேட்டதுதான் என் அரசியல் வகுப்பு. பக்கத்தில் கேரட் நறுக்கியவர் சிறுமியாக 1975 நடையில் ஒரு பகுதி நடந்தவர். இன்னொருவர் 2004இல், கடற்கரையும் கடல்தரையும் அரசுக்கே என்ற சட்டத்தை எதிர்த்து நடந்தவர். எந்த ஊரில் எத்தனை பேருக்கு எத்தனை பானை, எந்தச் சாலையில் முதியவர்களுக்கு வண்டி, மழை வந்தால் எங்கே ஒதுங்குவது என்பதெல்லாம் அந்தச் சமையலறையில் மனப்பாடமாக இருந்தது. ஒரு கட்சி அலுவலகத்தில் கிடைக்காத நிர்வாக ஞானம் அது. ஆகவே என் யோசனை: உதவ வருகிறேன் என்று கிளம்பும்போது மேடையைத் தேடாதீர்கள். சமையலறை, வண்டி நிறுத்துமிடம், பாத்திரம் துலக்கும் தொட்டி ஆகிய மூன்றில் ஒன்றுக்குப் போங்கள்.

மராயின் வழக்கங்களில் நமக்குப் பாதி புதிதில்லை. செருப்பை வெளியே கழற்றுவது வீட்டுப் பழக்கம்தான். தலைக்கு வைக்கும் தலையணைமேல் உட்காரக் கூடாது, சாப்பாட்டு மேசைமேல் உட்காரக் கூடாது, பாத்திரம் துடைக்கும் துணியை உடுப்போடு சேர்த்துத் துவைக்கக் கூடாது என்பதெல்லாம் என் பாட்டி சொன்னால் ஆச்சரியப்பட மாட்டேன். வரவேற்புச் சடங்கின்போது மட்டும் கவனம் வேண்டும்: அழைப்புக் குரல் எழும்வரை வாசலில் நிற்க வேண்டும், கூட்டத்தோடு நடக்க வேண்டும், குறுக்கே போய்ப் படம் எடுக்கக் கூடாது. விருந்தினர் தரப்பில் ஓர் உறையில் பணம் வைப்பார்கள். கோஹா என்று பெயர். மொய் எழுதிப் பழகியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. யார் எவ்வளவு என்று ஒலிபெருக்கியில் வாசிக்க மாட்டார்கள் என்பது கூடுதல் நிம்மதி. கூட்டத்தினர் ஒரு பாட்டாவது பாட வேண்டியிருக்கும். பேச்சு முடிந்ததும் பேசியவருக்குத் துணையாக அவர் தரப்பு எழுந்து பாடும். வாய் மூடி நிற்பதைவிட எளிதான ஒரு மாவோரிப் பாட்டைச் சொற்பொருள் தெரிந்து பழகிக்கொண்டு போவது நல்லது.

19ஆம் தேதி காலை ஹட் பள்ளத்தாக்கிலிருந்து வந்த ரயிலில் நிற்க இடமில்லை. வெலிங்டன் கடற்கரைப் பூங்காவிலிருந்து நாடாளுமன்றம் வரை ஊர்வலம். 42,000 பேர் என்று காவல்துறை கணக்கிட்டது. இந்த நாட்டின் அளவுக்கு அது கடல். மாவோரி அரசியார் வந்திருந்தார். தந்தை மறைந்து மூன்று மாதம்கூட ஆகியிராத 27 வயதுப் பெண். சிவப்பும் கறுப்பும் வெள்ளையும் கலந்த கொடி எங்கு பார்த்தாலும். "தொய்த்தூ தே திரிட்டி", உடன்படிக்கை நிலைக்கட்டும், என்பது முழக்கம். வழிகாட்டித் தொண்டர்கள் ஒளிரும் சட்டை போட்டு நின்றார்கள். அவர்கள் சொன்னால் சொன்னதுதான். மது கூடாது என்பது தொடக்கத்திலிருந்தே கட்டுப்பாடு. இங்கே நம்மவர் சிலருக்கு வரும் சபலத்தைச் சொல்ல வேண்டும். அழகாக இருக்கிறதே என்று கன்னத்தில் மாவோரிக் கோலம் வரைந்துகொள்வது. அது ஒருவருடைய வம்சாவளி; அலங்காரமாகப் போட்டுக்கொள்ளும் பொருளில்லை. கோலமிட்ட முகங்களைக் கேட்காமல் படம் எடுப்பதும் அப்படியே. தனிக்குழுவாகப் போனால் குலங்களின் அணிகளுக்குப் பின்னால் நடங்கள். பதாகையில் சங்கத்தின் பெயரைவிட உடன்படிக்கையின் பெயர் பெரிதாக இருக்கட்டும். சங்கச் செயலாளர்கள் இதைப் படித்தால் கோபித்துக்கொள்ளலாம், பரவாயில்லை.

நடை முடிந்ததும் பலர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். உண்மையான வேலை அன்றுதான் தொடங்கியது. நாடாளுமன்றத்தின் நீதிக் குழு பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், குடியுரிமை வேண்டியதில்லை. எங்கள் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் பலர், "ஆங்கிலம் தவறாகப் போய்விடும்" என்று தயங்கினார்கள். அவர்களோடு உட்கார்ந்ததில் தேறியவை சில. முதல் வரியிலேயே எதிர்க்கிறேன் அல்லது ஆதரிக்கிறேன் என்று எழுதிவிட வேண்டும்; குமாஸ்தா மூன்றாம் பக்கம் வரை தேட மாட்டார். இரண்டாவதாக, நீங்கள் யார், எவ்வளவு காலமாக இங்கே இருக்கிறீர்கள். பிறகு மசோதாவின் ஏதாவது ஒரு பிரிவைப் பெயர் சொல்லிப் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்கு உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு காரணம். அவ்வளவுதான், ஒரு பக்கம் போதும். யாரோ எழுதிச் சுற்றுக்கு விட்ட மாதிரிக் கடிதத்தை அப்படியே ஒட்டாதீர்கள். ஒரே வாசகம் ஆயிரம் முறை வந்தால் ஒரு குரலாகக் கழிந்துவிடும் அபாயம் உண்டு. நேரில் பேச விருப்பமா என்ற கட்டத்தில் ஆம் என்று குறியிடுங்கள், கூப்பிடாவிட்டால் நட்டமில்லை. எழுதியதன் பிரதி ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாளில் குவிந்த கூட்டத்தில் இணையவழி திணறி, ஜனவரி 7 என்ற கெடு 14 வரை தள்ளிப்போனது. கடைசி நாள்வரை காத்திருக்கும் நம் வழக்கத்துக்கு அப்போது ஒரு வரம் கிடைத்தது, எப்போதும் கிடைக்காது. மொத்தம் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட மனுக்கள் வந்தன. பத்தில் ஒன்பது எதிர்ப்பு.

எங்கள் குழுவில் நடந்த சண்டையையும் மறைப்பானேன். "நாம் வரி கட்டுகிறோம், எல்லோரும் சமம் என்று ஒரு சட்டம் வந்தால் உனக்கென்ன கசக்கிறது?" என்றார் ஒரு நண்பர். நல்ல கேள்வி. சமம் என்ற சொல்லை இந்த நாட்டில் யார், எப்போது, எதற்காக எடுத்திருக்கிறார்கள் என்று பார்க்கச் சொன்னேன். 1867இல் மாவோரிகளுக்கு நாடாளுமன்றத்தில் நான்கு இடம் கொடுத்தார்கள். மக்கள்தொகைக் கணக்குப்படி அவர்களுக்கு 14 முதல் 16 வரை கிடைத்திருக்க வேண்டும். அப்போது யாருக்கும் சமம் நினைவுக்கு வரவில்லை. இன்னொருவர் இடஒதுக்கீட்டு விவாதத்தை இழுத்தார். இடஒதுக்கீடு ஓர் அரசு தன் குடிமக்களுக்குச் செய்யும் நியாயம். இங்கே பேச்சு, அந்த அரசே எந்த நிபந்தனையின்பேரில் நிற்கிறது என்பது பற்றி. இதை நான் நீட்டி முழக்கிக்கொண்டிருந்தபோது, குழுவில் அதிகம் பேசாத யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர், இலங்கைப் பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழர் தலைவர் செல்வநாயகமும் போட்ட ஒப்பந்தத்தை வைத்து ஒரே செய்தி போட்டார்: "1957இல் பண்டாவும் செல்வாவும் ஒப்பந்தம் போட்டார்கள். அடுத்த ஆண்டே ஒரு தரப்பு கிழித்தது. பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஒப்பந்தத்தை ஒரு தரப்பு மட்டும் தொடலாமா என்று என்னிடம் கேட்க வேண்டாம்." குழு அன்று மாலை வரை அமைதியாக இருந்தது. மறுநாள் அண்ணையின் மனுவைத் தட்டச்சு செய்துகொடுத்தது நான். அதில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

நான் நீதிக் குழுவின்முன் இணையவழியில் சில நிமிடம் பேசினேன். எழுதி வைத்ததைப் பாதியாகக் குறைத்து, கடிகாரம் வைத்துப் பேசிப் பழகினேன். இதை எல்லோருக்கும் சிபாரிசு செய்வேன். சொன்னது இதுதான்: எனக்கு இந்த நாட்டில் நுழைய விசா கொடுத்த அரசுக்கு அதைக் கொடுக்கும் உரிமை அந்த 1840 தாளிலிருந்து வருகிறது. வெள்ளையர் வந்ததும் அதன்படி, நான் வந்ததும் அதன்படி. மாவோரி மக்கள் இந்த மண்ணின் மக்கள். நான் உடன்படிக்கையால் இங்கே இருப்பவள். தாள் செல்லாது என்றால் முதலில் ஆட்டம் காண்பது என் கால்.

2025 ஏப்ரல் 10 அன்று இரண்டாம் வாசிப்பில் மசோதாவுக்கு எதிராக 112, ஆதரவாக 11. பார்வையாளர் மாடத்தில் பாட்டு எழுந்தது. ஹக்கா ஆடியவரையும் அவருடைய கட்சித் தலைவர்கள் இருவரையும் இரண்டு மாதம் கழித்து அவையிலிருந்து இடைநீக்கம் செய்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மசோதா தோற்றால் கணக்கு முடிந்துவிடுவதில்லை. ஒன்று நினைவில் இருக்கட்டும்: வசிப்புரிமை பெற்றவர்கள் ஓராண்டு தொடர்ந்து இங்கே இருந்தால், குடியுரிமை இல்லாமலேயே பொதுத்தேர்தலில் வாக்களிக்கலாம். உலகில் மிகச் சில நாடுகளே இதைத் தருகின்றன. இந்த வாக்கை நிறையப் பேர் பதிவுசெய்யாமலேயே வைத்திருக்கிறோம்.

இப்போது ஒரு தமிழ்ச் சங்கம் வைத்தாங்கி நாளை ஒட்டி என்னை வந்து உடன்படிக்கை பற்றிப் பேசச் சொல்லிக் கேட்டிருக்கிறது. பேசமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இந்தப் பகுதியின் குலத்திலிருந்து ஒருவரை முறையாகக் கடிதம் எழுதி அழையுங்கள், போக்குவரத்துச் செலவும் கோஹாவும் முதலிலேயே ஒதுக்குங்கள், சாப்பாடு போட்டுவிட்டுப் பேசச் சொல்லுங்கள், நேரத்தை அவர்கள் கையில் விடுங்கள் என்றேன். "அரை மணி நேரத்தில் முடிப்பார்களா? அடுத்து குழந்தைகள் நடனம் இருக்கிறதே," என்று கேட்டார் செயலாளர். நடனத்தை முதலில் வைத்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். சமையலுக்கு நான் வருவதாக ஒப்புக்கொண்டேன்.